கைவிடப்பட்ட கால்வாயும் கைவிடாத மனிதரும்

1956 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேற்கேயுள்ள பிரிஸ்டல் துறைமுக நகரிலிருந்து லண்டனுக்கு ஒரு மனு கொண்டுசெல்லப்பட்டது. எலிசபெத் மகாராணிக்கு எழுதப்பட்ட அம்மனுவில் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டிருந்தனர். பிரிஸ்டலில் ரயில் ஏறினால் அன்றே லண்டனில் இறங்கிவிடலாம். தபாலில் சேர்த்திருந்தால் செலவு இன்னும் குறைந்திருக்கும். ஆயினும் மனுவைச் சுமந்தவர்கள் நீர்வழியையே தேர்ந்தெடுத்தனர். அவ்வழியின் ஒரு பகுதியில் படகு செல்ல முடியவில்லை. கனோ எனப்படும் சிறுவள்ளத்தில் ஏறித்தான் அதனைக் கடந்தார்கள்.

மனுவின் கோரிக்கை எளிமையானது. கென்னெற் அன்ட் ஏவன் கால்வாயை மூடிவிடாதீர்கள் என்பதே அது. அக்கோரிக்கைக்குரிய சான்றாகப் பயணமும் அமைந்தது. கால்வாய் எவ்வளவு மோசமாகப் புறக்கணிக்கப்பட்டிருக்கிறது என்பதை அந்தச் சிறுவள்ளம் காட்டிற்று. அதே சிறுவள்ளம், கால்வாய் இன்னும் செத்துப்போகவில்லை என்பதையும் காட்டிற்று. செய்தித்தாள்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மனுக்களைப் பற்றியும் மகஜர்களைப் பற்றியும் எழுதி வந்தவன் நான். கொண்டுசெல்லப்பட்ட விதமே வாதமாக அமைந்த இன்னொரு மனுவை அறியேன்.

கால்வாய் என்றதும் எம்மவர் மனதில் தோன்றுவது வயலுக்கு நீர் பாய்ச்சும் வாய்க்காலே. குளமும் மதகும் வாய்க்காலுமாக வாழ்ந்தவர்களுக்கு அது இயல்பு. இங்கு நாம் பேசுவது போக்குவரத்துக்காக வெட்டப்பட்ட கால்வாயைப் பற்றி. இலங்கையில் ஒல்லாந்தரும் அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியாகப் புத்தளம் நோக்கிப் பயன்படுத்திய கால்வாய் வழியை அறிந்தவர்களுக்கு இதன் பயன் விளங்கும். சாலை என்றால் சேறும் குழியுமாக இருந்த காலத்தில், ஒரு குதிரை வண்டியில் இழுக்கக்கூடிய பாரத்தைப் போல் பல மடங்கைத் தண்ணீரில் மிதக்கும் படகில் இழுத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து எங்கும் கால்வாய்கள் வெட்டப்பட்டதன் காரணம் இந்த ஒரு கணக்குத்தான்.

கென்னெற் அன்ட் ஏவன் ஒரே மூச்சில் பிறந்ததன்று. கிழக்கே றெடிங் நகரிலிருந்து நியூபரி வரை கென்னெற் ஆறு 1723 இல் படகுகளுக்கு ஏற்றதாக்கப்பட்டது. மேற்கே பாத் நகருக்கும் பிரிஸ்டலுக்கும் இடையே ஏவன் ஆறு 1727 இல் அவ்வாறே செப்பமாயிற்று. நடுவே எஞ்சியது நியூபரிக்கும் பாத்துக்கும் இடையிலான 57 மைல் மேட்டுநிலம். இதனை வெட்டுவதற்கான சட்டம் 1794 இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஜோன் ரெனி என்ற ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் பொறுப்பேற்றார். வேலை முற்றுப்பெற்றது 1810 இல். அத்துடன் தேம்ஸ் நதியிலிருந்து பிரிஸ்டல் வரை, 87 மைல் நீளமான ஒரே நீர்ப்பாதை உருவாயிற்று.

மேட்டில் தண்ணீர் ஏறாது. ஆகவே படகை ஏற்றவும் இறக்கவும் 'லொக்' எனப்படும் அமைப்பு வேண்டும். செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்டிய நீண்ட தொட்டி ஒன்று. அதன் இரு முனைகளிலும் கனத்த மரக்கதவுகள். படகு உள்ளே நுழைந்ததும் கதவுகளை மூடி, மேற்பக்கத்து மடையைத் திறந்தால் நீர் நிரம்பிப் படகு உயரும். கீழ்ப்பக்கத்து மடையைத் திறந்தால் நீர் வடிந்து படகு தாழும். இயந்திரம் எதுவும் தேவையில்லை. மனிதக் கையும் நீரின் பாரமும் போதும். இத்தகைய லொக்குகள் இக்கால்வாயில் நூற்றுக்கும் மேல் உள்ளன. டிவைசஸ் என்ற சிறுநகரின் அருகே நிலம் இரண்டு மைல் தூரத்துக்குள் 237 அடி உயர்கிறது. அங்கு மட்டும் 29 லொக்குகள். அவற்றுள் 16, கேன் ஹில் என்ற சரிவில் ஒரே நேர்கோட்டில் படிக்கட்டுப்போல் அடுக்கப்பட்டுள்ளன. மலையடிவாரத்தில் நின்று மேலே பார்க்கும் எவருக்கும் அடுத்தடுத்த கதவுகளின் கறுப்பு வெள்ளைத் துலாக்கள் மட்டுமே வானம்வரை தெரியும்.

கால்வாயின் அடித்தளத்தில் நீர் கசியாதிருக்க, களிமண்ணை நீர்விட்டுப் பிசைந்து, காலால் மிதித்து, அடுக்கடுக்காக அப்பினார்கள். மண்சுவர் வைக்கவும் குளக்கட்டு அமைக்கவும் எம் முன்னோர் மண் மிதித்ததற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. அவ்வாறு வெட்டிய கூலியாட்களை 'நவிகேற்றர்' என்றனர். அச்சொல் தேய்ந்து 'நவி' ஆயிற்று. இன்றும் ஆங்கிலத்தில் மண்வேலை செய்யும் கூலியாளுக்கு அதுவே பெயர். ரெனியின் பெயரைக் கல்வெட்டுகளில் காணலாம். நவிகளின் பெயர்களை எங்கும் காண முடியாது.

மேட்டின் உச்சியில் இருக்கும் கால்வாய்த் துண்டுக்கு நீரை எங்கிருந்து கொண்டுவருவது? படகு ஒன்று எந்தப் பக்கம் இறங்கினாலும் ஒரு தொட்டி நீர் உச்சியிலிருந்து கீழே போய்விடுகிறது. இதற்காகக் குரொப்டன் என்ற இடத்தில் நீராவியால் நீரிறைக்கும் நிலையம் நிறுவப்பட்டது. அங்குள்ள போல்டன் அன்ட் வாட் இயந்திரம் 1812 இல் தயாரிக்கப்பட்டது. பாத் நகருக்கு அருகே கிளவேர்ட்டனில் ஏவன் ஆற்றின் ஓட்டத்தாலேயே சுழலும் பெரிய நீர்ச்சில்லு ஒன்று, அதே ஆற்றின் நீரைக் கால்வாய்க்கு ஏற்றிக் கொடுத்தது. எரிபொருள் எதுவுமின்றி 1813 இல் இயங்கத் தொடங்கிய அது 1952 வரை உழைத்தது. இவ்விரு நிலையங்களும் கதையின் பிற்பகுதியில் மீண்டும் வருகின்றன.

கால்வாயின் நல்ல காலம் நீடித்தது முப்பது ஆண்டுகள். 1841 இல் லண்டனையும் பிரிஸ்டலையும் கிரேட் வெஸ்டேர்ன் ரயில்பாதை இணைத்தது. நாட்கணக்கில் சென்ற சரக்கு மணிக்கணக்கில் சென்றது. கால்வாய்க் கம்பனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது, பயனில்லை. 1852 இல் அந்த ரயில் கம்பனியே கால்வாயை வாங்கிக்கொண்டது. போட்டியாளனின் கையில் போட்டிக்காரனை ஒப்படைத்த கதைதான். கால்வாயைப் பேணவேண்டும் என்ற சட்டக் கடமை கம்பனிக்கு இருந்தது. ஆகவே அது கால்வாயைக் கொல்லவில்லை, வாழவைக்கவுமில்லை. 1926 இல் மூடிவிட முயன்று எதிர்ப்பினால் பின்வாங்கியது. 1940 இல் ஜேர்மன் படையெடுப்பு அஞ்சப்பட்டபோது, டாங்கிகளைத் தடுக்கும் அரணாக இக்கால்வாய் கருதப்பட்டு, கரைநெடுக கொங்கிரீற் காவலரண்கள் எழுந்தன. அவற்றிற் பல இன்றும் புல் மூடிக் கிடக்கின்றன.

1948 இல் ரயில்வேக்கள் அரசுடைமையாயின. அவற்றுடன் கால்வாயும் அரசின் கைக்கு வந்தது. பிரித்தானியப் போக்குவரத்து ஆணைக்குழுவின் கணக்கேட்டில் அது ஒரு நட்டப் பதிவு, அவ்வளவே. பழுதான லொக் ஒன்றைத் திருத்தாமல் விட்டாலே போதும், முழுப்பாதையும் பயனற்றுப்போகும். அப்படியே நடந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படகு சென்றது 1951 இற்குப் பின் நின்றுபோயிற்று. 1954 இல் லிம்ப்ளி ஸ்ரோக் பள்ளத்தாக்கில் கரை உடைந்து நீர் வெளியேறியது. அந்தப் பகுதியைச் செப்பனிடாமல் வறண்டு கிடக்கவே விட்டனர்.

இவ்விடத்தில் இன்னொரு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். ரொம் ரோல்ட் என்பவர் பொறியியல் பயின்றவர். 'கிரெசி' என்ற படகையே வீடாகக் கொண்டு கால்வாய்களில் வாழ்ந்தவர். 1944 இன் இறுதியில் அவர் எழுதிய 'நரோ போட்' என்ற நூல் வெளியானது. அதனைப் படித்த றொபேட் ஐக்மன் என்ற எழுத்தாளர் அவருக்குக் கடிதம் எழுதினார். சார்ள்ஸ் ஹட்பீல்ட் என்ற வரலாற்றாசிரியரும் சேர்ந்துகொண்டார். 1946 இல் உள்நாட்டு நீர்வழிகள் சங்கம் பிறந்தது. ஐந்தே ஆண்டுகளில் பிறந்தவர்களுக்குள் பிளவு. பயன்படக்கூடிய கால்வாய்களையும் அவற்றில் தொழில் செய்யும் படகோட்டிக் குடும்பங்களையும் முதலில் காப்போம் என்றார் ரோல்ட். ஒவ்வொரு மைலையும் காப்போம், எதையும் விட்டுக்கொடுக்கமாட்டோம் என்றார் ஐக்மன். 1951 இல் ரோல்ட் வெளியேற்றப்பட்டார். இயக்கங்களின் வரலாற்றை அறிந்த எமது வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. யார் சரி என்று கேட்டால், மனிதர்களைப் பற்றிய அக்கறையில் ரோல்ட் சரி என்பேன். நடந்ததைப் பார்க்கும்போது ஐக்மனின் பிடிவாதமே பலித்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். படகோட்டிக் குடும்பங்கள் ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிட்டன. கால்வாய்கள் நிலைத்தன.

இனி அந்த மனுவுக்குத் திரும்புவோம். ஆணைக்குழு பாராளுமன்றத்தில் கொண்டுவந்த சட்டமூலம், றெடிங்குக்கும் பாத்துக்கும் இடையே படகு செலுத்தும் பொது உரிமையை நீக்க முற்பட்டது. சட்டமூலத்தின் உயிர்நாடி இந்த ஒரு வாசகம். 1794 ஆம் ஆண்டுச் சட்டம் கம்பனிக்கு நிலம் எடுக்கும் அதிகாரத்தைத் தந்தபோது, அதற்கு ஈடாகக் கட்டணம் செலுத்தும் எவரும் படகு விடலாம் என்ற உரிமையைப் பொதுமக்களுக்குத் தந்திருந்தது. சேறு நிறைந்த கால்வாயிலும் அந்த உரிமை இருக்கும். உரிமை இருக்கும்வரை கால்வாயைப் பேணவேண்டும் என்று கேட்க ஆளிருக்கும். நியூபரியில் படகுத்தொழில் நடத்திய ஜோன் கூல்ட் என்பவர் அந்த உரிமையைக் காட்டியே நீதிமன்றம் சென்றவர். உரிமை போய்விட்டால், கால்வாய் வெறும் ஈரப் பள்ளம். மண் போட்டு மூடலாம், வீதி போடலாம், விற்கலாம்.

பாராளுமன்றத் தெரிவுக்குழு விசாரித்தது. முடிவு ஆர்வலர்களுக்குச் சாதகமாக இருக்கவில்லை. படகு செலுத்தும் உரிமையை இடைநிறுத்துவதை மக்கள் சபை ஏற்றுக்கொண்டது. ஆனால் பிரபுக்கள் சபை அதிலே ஒரு திருத்தம் செய்தது: கால்வாய் மேலும் சீரழிய விடப்படக் கூடாது. செய்தித்தாளில் எழுதினால் நான்கு வரிக்கு மேல் தேறாத திருத்தம். பத்திரிகையாளர் பலர் தோல்வி என்றே தலைப்பிட்டிருப்பர். பின்வந்த யாவற்றுக்கும் இந்த நான்கு வரியே அடிப்படை என்பது என் கருத்து. மூடு என்றும் சொல்லாமல் திருத்து என்றும் சொல்லாமல், இருப்பதை இருப்பதாகவே வை என்றது சட்டம். 1958 இல் போவ்ஸ் குழுவின் அறிக்கை, றெடிங் முதல் பாத் வரையிலான பகுதியைப் புனரமைப்பதற்கு நியாயமே இல்லை என்று கூறிய பின்னரும் கால்வாயை மூட முடியாமற்போனது இதனாலேயே.

தொண்டர் வேலை என்றதும் மண்வெட்டியும் சேறும் நினைவுக்கு வருகின்றன. இலங்கையர்க்குச் சிரமதானம் என்றால் சட்டென்று விளங்கும். ஆனால் ஆங்கிலேயக் கால்வாய் மீட்பின் முதற்பகுதி மண்வெட்டியால் நடந்ததன்று. அது காகிதத்தால் நடந்தது. ஸ்ட்ரட்போர்ட் கால்வாயின் கதை இதற்கு இன்னும் தெளிவான சான்று. ஷேக்ஸ்பியர் பிறந்த ஊருக்குச் செல்லும் அக்கால்வாயின் தென்பகுதி 13 மைல். பாலம் ஒன்றைக் குறைந்த செலவில் மாற்றியமைக்க விரும்பிய மாவட்ட நிர்வாகம், கால்வாயைக் கைவிடுவதற்கான ஆணை கேட்டு 1958 இல் விண்ணப்பித்தது. கடந்த மூன்றாண்டுகளில் அதில் எந்தப் படகும் சென்றதில்லை என்பது அதன் வாதம். ஆனால் கனோ ஒன்றில் அவ்வழியே சென்றவர்கள் முறைப்படி கட்டணம் செலுத்திச் சீட்டு வாங்கி வைத்திருந்தனர். திகதியிட்ட அந்தத் துண்டுச்சீட்டு விசாரணையில் முன்வைக்கப்பட்டது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

அதன்பின்தான் மண்வெட்டி வந்தது. நாஷனல் ட்ரஸ்ட் என்ற மரபுரிமை அறக்கட்டளை 1960 இல் கால்வாயைக் குத்தகைக்கு எடுத்தது. டேவிட் ஹச்சிங்ஸ் என்ற கட்டடக்கலைஞர் தலைமையேற்றார். வார இறுதித் தொண்டர்கள், இராணுவப் பொறியியற் படையினர், சிறைச்சாலைக் கைதிகள் எனப் பலவகையினரைக் கொண்டு வேலையை நடத்தினார். 1964 ஜூலையில் மகாராணியின் தாயார் அதனைத் திறந்துவைத்தார். இங்கே ஒரு குறிப்பு. இக்கதையைச் சொல்லும் ஆங்கில நூல்கள் கைதிகளையும் தொண்டர் வரிசையிலேயே சேர்த்துப் பாராட்டுகின்றன. சிறைமதிலுக்கு வெளியே ஒரு நாளைக் கழிக்கக் கைதி விரும்பியிருப்பான் என்பது உண்மையே. ஆயினும் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்புபவனையும் மாலையில் கூட்டுக்குத் திரும்புபவனையும் ஒரே சொல்லால் அழைப்பது சரியன்று என்றே எண்ணுகிறேன்.

ஸ்ட்ரட்போர்ட் காட்டிய வழி மற்றவர்களுக்குத் தெம்பளித்தது. கென்னெற் அன்ட் ஏவன் ஆர்வலர்களின் சங்கம் 1962 இல் அறக்கட்டளையாக மாறியது. பெயர்மாற்றம் மட்டுமன்று இது. சங்கம் என்பது குரல் கொடுப்பது. அறக்கட்டளை என்பது நிதி திரட்டவும் சொத்து வாங்கவும் அரச நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்யவும் வல்லது. தர்மநிறுவனம் என்ற தகுதியால் வரிச்சலுகையும் கிடைக்கும். 1963 இல் அரச கால்வாய்கள் பிரித்தானிய நீர்வழிச் சபை என்ற புதிய நிறுவனத்தின் கீழ் வந்தன. எதிரும் புதிருமாக நின்றவர்கள் மெல்ல மெல்லப் பங்காளிகள் ஆயினர். சபைக்குப் பொறியியலாளர்கள் இருந்தனர், பணமில்லை. அறக்கட்டளைக்கு ஆட்கள் இருந்தனர், உரிமையில்லை.

பணம் வந்த வழிகளைப் பார்த்தால் நம்மூர்க் கோயில் திருப்பணிச் சபைகள் நினைவுக்கு வரும். பழைய துணி விற்பனை, தேநீர் விருந்து, ஆதரவு நடைப்பயணம், படகுச் சவாரி, அங்கத்தவர் சந்தா. அறக்கட்டளை 'த பட்டி' என்ற பெயரில் ஒரு சஞ்சிகையும் நடத்தியது. இயந்திரமில்லாமல் முன்படகால் இழுத்துச் செல்லப்படும் இரண்டாம் படகுக்குப் 'பட்டி' என்று பெயர். ஒரு சஞ்சிகைக்கு இதைவிட அடக்கமான பெயரை வைக்க முடியாது.

சஞ்சிகை என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1966 இல் கிரகாம் பாமர் என்ற இளைஞர் 'நவீஸ் நோட்புக்' என்றொரு சிறு வெளியீட்டைத் தொடங்கினார். எந்த வார இறுதியில் எந்தக் கால்வாயில் வேலை, யாரைத் தொடர்புகொள்வது என்பவையே அதன் செய்தி. பழைய கூலியாட்களின் பெயரைத் தாங்கிய அத்தாள், தத்தம் ஊர்க் கால்வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களை நாடெங்கும் திரியும் படையாக்கியது. 1968 செப்டெம்பரில் மான்செஸ்டர் அருகே ஆஷ்டன் கால்வாயில் ஒரே வார இறுதியில் ஏறத்தாழ 600 பேர் கூடி 2,000 தொன் குப்பையை அள்ளினர். துருப்பிடித்த கட்டிலும் சைக்கிளும் குழந்தை வண்டியும் மலையாகக் குவிந்தன. கால்வாயைச் சாக்கடையாகவே கண்டு பழகிய நகரமக்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். நிர்வாகத்தினருக்கு அதுவரை எந்த மனுவும் ஏற்படுத்தாத சங்கடத்தை அந்தக் குவியல் ஏற்படுத்தியது. 1970 இல் இந்த நடமாடும் தொண்டர்கள் நீர்வழி மீட்புக் குழு என்ற அமைப்பாயினர். ஆஷ்டன் கால்வாய் 1974 இல் திறக்கப்பட்டது.

கென்னெற் அன்ட் ஏவனில் வேலை இவ்வளவு வேகமாக நடக்கவில்லை. 1966 இல் சலம்ஸ்ரெட் லொக் திருத்தப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் ஒன்று! அதே ஆண்டு வேலைக்கு வந்த இருபது வயது இளைஞன், கடைசி லொக் திறக்கப்படுகையில் நாற்பதைத் தாண்டியிருப்பான். 1968 ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் நாட்டின் நீர்வழிகளை மூன்றாகப் பிரித்தது. சரக்குக்கு உரியவை, உல்லாசப் படகுக்கு உரியவை, எஞ்சியவை. கென்னெற் அன்ட் ஏவன் 'எஞ்சியவை' பட்டியலில் இடப்பட்டது. சுகாதாரத்துக்குக் கேடு வராமல் பார்த்துக்கொண்டால் போதும், அதற்கு மேல் அரசு செலவிட வேண்டியதில்லை என்பது அதன் பொருள்.

அதே 1968 இல் அறக்கட்டளை குரொப்டன் நிலையத்தை வாங்கியது. துருவும் புறா எச்சமும் படிந்திருந்த இயந்திரத்தைத் தொண்டர்கள் கழற்றிப் பூட்டினர். 1970 ஓகஸ்டில் 1812 ஆம் ஆண்டின் அந்த இயந்திரம் மீண்டும் நீராவியில் இயங்கிற்று. கவிஞர் ஜோன் பெட்ஜமன் விழாவைத் தொடங்கிவைத்தார். தான் பிறந்த கட்டடத்திலேயே, தான் செய்த அதே வேலையைச் செய்யவல்ல நீராவி இயந்திரங்களுள் உலகில் மிகப் பழையது அதுவே எனப்படுகிறது. அன்றாடம் நீரிறைப்பது மின்பம்பிதான். குறித்த சில வார இறுதிகளில் மட்டும் கொதிகலனுக்குத் தொண்டர்கள் நிலக்கரி அள்ளிப்போட, பழைய இயந்திரம் உச்சிக்கு நீர் அனுப்புகிறது. கிளவேர்ட்டனின் நீர்ச்சில்லையும் அறக்கட்டளையினர் பாத் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவரோடு சேர்ந்து மீட்டெடுத்தனர். மாணவருக்கு அது செய்முறைப் பாடம், சில்லுக்கு மறுபிறப்பு.

லிம்ப்ளி ஸ்ரோக் பகுதியில் பழைய களிமண் முறை கைகொடுக்கவில்லை. அந்த மலைச்சரிவு வழுக்கும் தன்மையது. ரெனி காலத்திலேயே அங்கு கசிவும் சரிவும் இருந்தன. ஆகவே பொலித்தீன் விரிப்பும் கொங்கிரீற்றும் கொண்டு கால்வாயின் அடித்தளத்தைப் புதிதாக அமைத்தனர். இத்தகைய வேலையைச் சனிக்கிழமைத் தொண்டர் மட்டும் செய்துவிட முடியாது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வேலையின்மை பெருகியபோது அரசு நடத்திய தொழில்வாய்ப்புத் திட்டங்களின் கீழ் வந்த இளைஞர்கள் கால்வாயில் உழைத்தனர். உள்ளூராட்சி மன்றங்கள் பணம் கொடுத்தன. தொண்டர்களே முழுக் கால்வாயையும் மீட்டனர் என்று சொல்லும் மேடைப் பேச்சு மிகை. தொண்டர்கள் இல்லாதிருந்தால் மன்றமும் அரசும் ஒரு காசும் கொடுத்திரா என்பதே சரியான கூற்று.

கடைசியாகக் கேன் ஹில். 16 படிகளிலும் புதர் மண்டி, கதவுகள் உக்கி, பக்கக் குளங்கள் நாணற்காடாகிக் கிடந்தன. ஒவ்வொரு லொக்குக்கும் ஓக் மரத்தாலான புதிய கதவுகள் வேண்டும். ஒவ்வொரு கதவும் தொன் கணக்கில் பாரம். ஊரவரும் நிறுவனங்களும் தந்த கொடையால் அவை ஒவ்வொன்றாக ஏறின. 1990 ஓகஸ்ட் 8 ஆம் திகதி எலிசபெத் மகாராணி 'றோஸ் ஒவ் ஹங்கர்போர்ட்' என்ற படகில் அங்கு ஒரு லொக்கைக் கடந்து கால்வாயைத் திறந்துவைத்தார். 34 ஆண்டுகளுக்கு முன்னர் நீர்வழியே வந்த மனு முகவரியிடப்பட்டிருந்தது அவருக்குத்தான். மனுவுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அன்று யாராவது சொன்னார்களா என்பதை நான் எங்கும் படிக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

விழா முடிந்ததும் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. படகுகள் கூடக்கூட உச்சியின் நீர் வற்றியது. 1996 இல் கேன் ஹில்லின் அடியிலிருந்து நீரைத் திருப்பி மேலேற்றும் பம்பிகள் நிறுவப்பட்டன. அவ்வாண்டில் தேசிய லொத்தர் மரபுரிமை நிதியம் 25 மில்லியன் பவுணை ஒதுக்கியது. அந்நிதியம் அதுவரை வழங்கிய கொடைகளில் மிகப் பெரியது அது. கரைகள் பலப்பட்டன, மதகுகள் புதுப்பிக்கப்பட்டன. 2003 மேயில் அன்றைய இளவரசர் சார்ள்ஸ் வந்து பணி நிறைவைக் கொண்டாடினார்.

ஆனால் என் கணக்கில் வேலை நிறைவுற்றது 2003 இலும் அன்று. 2011 இல்தான் கென்னெற் அன்ட் ஏவன் 'எஞ்சியவை' பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, படகுப் போக்குவரத்துக்குரிய நீர்வழியாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. சேறு அள்ளி முடிந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகுதான், அதைப் படகு செல்லத்தக்கதாகப் பேணும் கடமை மீண்டும் ஏட்டில் ஏறியது. அடுத்த ஆண்டு, 2012 ஜூலையில், இங்கிலாந்திலும் வேல்சிலும் இருந்த அரச நீர்வழிச் சபையே கலைக்கப்பட்டு, சுமார் 2,000 மைல் நீர்வழிகள் 'கனால் அன்ட் ரிவர் ட்ரஸ்ட்' என்ற அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டன. அரசு கைவிட்டதை அறக்கட்டளைகள் மீட்டுக் கொடுத்தன. மீட்டதை அரசு அறக்கட்டளைக்கே கொடுத்துவிட்டது. இதனை மக்களின் வெற்றி என்பாரும் உளர்; அரசு தன் செலவைத் தள்ளிவிட்டது என்பாரும் உளர். அரச மானியம் குறையக் குறைய இரண்டாம் தரப்பாரின் குரல் ஓங்குகிறது.

இன்று அக்கால்வாயில் சரக்கு இல்லை. விடுமுறைப் படகுகள், நடப்போர், தூண்டில்காரர், சைக்கிளோட்டிகள். பாத் நகரை அண்டிய மேற்குப் பகுதியில் படகையே வீடாக்கி வாழ்வோர் பெருகியுள்ளனர். வீட்டு வாடகை கொடுக்க இயலாத இளங்குடும்பங்களும் அவர்களுள் உண்டு. நிலையான தரிப்பிடம் இல்லாத படகு ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் நிற்கக்கூடாது என்கிறது 1995 ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளையின் பாடசாலை நகராதபோது வீடு எங்ஙனம் நகரும் என்று அவர்கள் கேட்கின்றனர். சட்டம் சட்டமே என்கிறது அறக்கட்டளை. உரிமத்தைப் பற்றிய கடிதங்களும் வழக்குகளும் தொடர்கின்றன.

இங்கிலாந்தில் வாழும் வாசகர்கள் லண்டன் பாடிங்டனிலிருந்து நியூபரி, ஹங்கர்போர்ட் வழியாக மேற்கே செல்லும் ரயிலில் ஏறினால், ஜன்னலோரமாகவே நெடுந்தூரம் இக்கால்வாய் கூடவரும். குரொப்டனின் புகைபோக்கியையும் காணலாம். டிவைசஸ் வரை செல்ல முடிந்தவர்கள் கேன் ஹில்லின் கரையில் சற்று நேரம் நின்று பார்க்கலாம். கோடைகாலத்தில் அங்கு படகுகளை ஏற்றி இறக்க உதவுவோரிற் பலர் சம்பளமின்றி வருபவர்கள், ஓய்வுபெற்றவர்களே பெரும்பாலும். ஓக் கதவு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். எண்பதுகளில் பொருத்தப்பட்டவை கழற்றப்பட்டு, இப்போது அடுத்த தலைமுறைக் கதவுகள் அங்கே நிற்கின்றன.